பசலி படிக்கத் தெரிந்தவர் தேவை



வீட்டில் சட்டம் படிக்கிற பிள்ளை இருந்தால் உங்களுக்கு இது பழகிப்போன சங்கதி. பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மெயில் மேல் மெயிலாக அனுப்பிக்கொண்டிருப்பார்கள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் போனைப் பார்ப்பார்கள். "என்னத்தப்பா அனுப்புறே?" என்று கேட்டால் "இன்டர்ன்ஷிப்" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் கோபம் வரும்.

அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2008இல் கொண்டுவந்த சட்டக் கல்வி விதிகள், ஐந்தாண்டுப் படிப்பு படிக்கிறவர் மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்பு படிக்கிறவர் 12 வாரம் வெளியே போய்ப் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்கின்றன. ஒரு வருடத்தில் தொடர்ந்து 4 வாரத்துக்கு மேல் எடுக்கவும் கூடாது. கல்லூரிக்கு லீவு விடுவதோ மே, ஜூனிலும் டிசம்பரிலும்தான். ஆக, நாட்டிலுள்ள சட்ட மாணவர்கள் பெரும்பாலும் ஒரே சமயத்தில் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் மே மாதம் உயர் நீதிமன்றத்துக்கும் சிவில் கோர்ட்டுகளுக்கும் கோடை விடுமுறை. கோர்ட்டு நடக்காத மாதத்தில் கோர்ட்டு வேலை கற்றுக்கொள்ள வருகிறார்கள். நீதிமன்றத்துக்குப் போகாமல் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் சட்ட நிறுவனங்களுக்கு இந்த விடுமுறை கிடையாது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிப்பு முடித்த பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். அதற்கும் முயற்சி நடந்தது. பட்டம் வாங்கியவர்கள் ஒரு வருடம் சீனியரிடம் பயிற்சி பெற்ற பிறகே வழக்கறிஞராகப் பதிவு செய்யலாம் என்று பார் கவுன்சில் 1995இல் விதி போட்டது. அப்படி விதி போட உங்களுக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1999இல் அதை ரத்து செய்துவிட்டது. எனவே, தொழிலைக் கண்ணால் பார்ப்பதெல்லாம் படிக்கிற காலத்திலேயே, அந்த நாலு நாலு வாரத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டியிருக்கிறது.

சட்ட நிறுவனம் என்றால் என்ன? நமக்குத் தெரிந்த வக்கீல் ஆபீசில் ஒரு சீனியர் இருப்பார், இரண்டு மூன்று ஜூனியர்கள் இருப்பார்கள், கேஸ் கட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைக்கிற குமாஸ்தா ஒருவர் இருப்பார். நிறுவனம் அப்படியல்ல. பல வழக்கறிஞர்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்துவது. கைத்தான் என்ற நிறுவனம் 1911இல் கல்கத்தாவில் தொடங்கியது. அமர்சந்த் மங்கள்தாஸ் 1917இல் பம்பாயில் தொடங்கி, 2015இல் அண்ணன் தம்பி இருவருக்குள் பிரிந்து இரண்டாகிவிட்டது. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்குவது, பங்குச் சந்தைக்குப் போவது, வெளிநாட்டு முதலீடு இப்படித்தான் அங்கே வேலை ஓடும். முதல் சம்பளமே பெரிதாக இருக்கும் என்பதால் பிள்ளைகள் கண் அங்கே போகிறது. அதைத் தப்பு என்று சொல்ல நமக்கென்ன உரிமை?

ஆனால் வரிசை எல்லோருக்கும் ஒன்றல்ல. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் மாணவர் குழு ஒன்று இருக்கும். யார் யாருக்கு எந்த நிறுவனம், எந்த மாதம் என்று பட்டியல் போட்டு ஒரே கட்டாக அனுப்பும். அந்தக் கட்டு பிரிக்கப்படும். திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறவர் தன் மெயிலைத் தானே அனுப்ப வேண்டும். அது பொதுப் பெட்டியில் போய் விழுகிறது. சிபாரிசு வேலை செய்யாது என்று நான் சொன்னால் அது பொய். செய்கிறது. பங்குதாரரின் நண்பர் மகனுக்கு ஒரு நாற்காலி தானாகக் காலியாகும். இதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது. இல்லையென்றால் பதில் வராத ஒவ்வொரு மெயிலையும் தன் அறிவுக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எண்ணி மனம் நொந்துபோவார்கள்.

அப்படி எங்கள் நிறுவனத்துக்கு வரும் மெயில்களைச் சில வருடங்களாகப் படித்து வருகிறவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். ஒரே கடிதத்தை நாற்பது நிறுவனத்துக்கு அனுப்பி, நாற்பது முகவரியும் மேலே தெரியும்படி வைப்பவர்கள் இருக்கிறார்கள். போன வாரம் அனுப்பிய நிறுவனத்தின் பெயரை மாற்ற மறந்து எங்களுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெண் பங்குதாரருக்கு "டியர் சார்" என்று எழுதுகிறார்கள். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய கடிதம். முப்பது கடிதத்தில் முப்பது பேருக்கும் கார்ப்பரேட் சட்டத்தின் மேல் சொல்லி வைத்தாற்போல ஒரே ஆழ்ந்த காதல்!

படிக்கிறவருக்கு வேண்டியது கொஞ்சம்தான். எந்த வருடம் படிக்கிறீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், இதை மெயிலின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். பயோடேட்டா ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. மதம், திருமண நிலை, அப்பாவின் வேலை எதுவும் வேண்டாம். இணையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாங்கிய சான்றிதழ்கள் பன்னிரண்டைக் காட்டிலும், நீங்களே எழுதிய ஒரு வக்கீல் நோட்டீஸின் வரைவு மேல். மாணவர்கள் வாதாடிப் பழகும் மூட் கோர்ட்டில் கலந்துகொண்டேன் என்பதோடு நிறுத்தாமல், எந்தச் சட்டப் பிரச்சினையில் எந்தப் பக்கம் வாதாடினேன் என்று எழுதுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். நம் ஊர்ப் பிள்ளைகள் தங்களுக்கு உண்மையிலேயே தெரிந்ததைப் பயோடேட்டாவில் ஒளித்து வைக்கிறார்கள்.

தூத்துக்குடிப் பக்கம் சூரிய மின்சக்திக்கு ஒரு கம்பெனி நூற்றுக்கணக்கான ஏக்கர் வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் போடுகிறவர் வெளிநாட்டில். ஆலோசனை சொல்லும் நிறுவனம் மும்பையில். நிலத்துக்கு வில்லங்கம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 30 வருடத்துப் பத்திரங்களைப் பார்ப்பது வழக்கம். எல்லாம் தமிழில். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், பாகப் பிரிவினை, விடுதலைப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல். பழைய பத்திரத்தில் தேதிக்குப் பதில் தமிழ் வருடமும் மாதமும் இருக்கும். கிராமக் கணக்கில் வருடம் பசலியில் இருக்கும். பசலி ஜூலை 1ஆம் தேதி பிறக்கிறது. அந்த எண்ணோடு 590 கூட்டினால் அது பிறந்த ஆங்கில வருடம் வரும். பசலி 1434 என்றால் 2024 ஜூலையில் தொடங்கியது. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் ஏக்கரும் சென்ட்டும் போய் மாவும் வேலியும் வந்து நிற்கும். ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், 20 மா ஒரு வேலி. நான்கு எல்லை சொல்லும் இடத்தில் "மேற்படியார் புஞ்சைக்கு வடக்கு" என்று இருந்தால், எதற்கு வடக்கே எது என்று தடுமாறாமல் படம் போடத் தெரிய வேண்டும்.

பெரிய கல்லூரியில் முதல் மாணவராக வந்தவர், தமிழ் தெரியாதவர் என்றால் இங்கே கை கட்டி நிற்க வேண்டியதுதான். அப்பாவோடு தாலுகா ஆபீசுக்குப் பட்டா மாறுதலுக்கு நாலு நடை நடந்த பிள்ளை ஒரு மத்தியானத்தில் முடித்துக் கொடுத்துவிடும். அந்தப் பிள்ளையின் பயோடேட்டாவிலோ இது இருக்காது. "மொழிகள்: ஆங்கிலம், தமிழ்" என்று கடைசியில் ஒரு வரி, அதோடு சரி. தமிழ் மீடியம் என்பதை மறைக்க எவ்வளவு பாடுபட முடியுமோ அவ்வளவு. ஏனப்பா? பழைய தமிழ்ப் பத்திரங்களையும் வருவாய்த் துறைக் கணக்குகளையும் படித்துச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதித் தருவேன் என்று இரண்டாவது வரியில் எழுதுங்கள். பொய்யாக எழுதாதீர்கள். தெரியாவிட்டால் உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிற பத்திரத்தை எடுத்து, தாத்தாவோடு உட்கார்ந்து படித்துப் பழகிவிட்டு எழுதுங்கள்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழ்க் கோர்ட்டில் தமிழ் ஓடும். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான், நிறுவனங்களிலும் அதுதான். ஆனால் அங்கே கேட்பது மேடை ஆங்கிலம் இல்லை. சின்னச் சின்ன வாக்கியமாக, பிழையில்லாமல், ஒரு பக்கம் எழுத வேண்டும். அதற்குப் பழக வழி உண்டு. இந்தியன் கானூன் இணையதளத்தில் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் ஒன்றை எடுத்து, வழக்கு என்ன, கேள்வி என்ன, பதில் என்ன என்று பத்து வரியில் எழுதிப் பார்க்கலாம்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டால் என்ன கேட்பார்கள்? பல இடங்களில் போனிலேயே பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். செக் பவுன்ஸ் ஆனால் என்ன செய்வீர்கள் என்பார்கள். செக் திரும்பியதாக வங்கி சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் என்று தேதி வரிசையில் சொன்னால் போதும், ஆள் தேறுவார் என்று தெரிந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டன. நாம் இன்னும் பேச்சில் "ஃபோர் ட்வென்ட்டி" என்கிறோம். அந்த மோசடிப் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது. சரி, அந்த ஜூன் 30ஆம் தேதி நடந்த மோசடிக்கு எந்தச் சட்டம் என்று மடக்குவார்கள். குற்றம் நடந்த அன்று எது இருந்ததோ அது, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டம். தெரியாத கேள்வி வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். தெரியவில்லை சார், இந்தச் சட்டத்தில் தேடிப் பார்ப்பேன் என்று சொல்கிறவரை யாரும் தள்ளிவிட மாட்டார்கள்.

பதிலே வராவிட்டால்? இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். ஒன்றுதான். இடமில்லை என்று பதில் வந்தால் அதுவே பெரிய மரியாதை. நன்றி சொல்லி, டிசம்பரில் இடம் உண்டா என்று கேட்டு வையுங்கள். எங்கே, எப்போது அனுப்பினோம் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் பாதிப் பதற்றம் குறையும். மீதிப் பதற்றம் பெற்றோர் கையில். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தினமும் "என்னாச்சு?" என்று கேட்காதீர்கள்.

பெற்றோருக்கு இன்னும் கொஞ்சம். இன்டர்ன்ஷிப் தருகிறேன், பணம் கட்டு என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். பல இடங்களில் உதவித்தொகை கிடையாது. மும்பையில் ஒரு மாதம் தங்கும் செலவை முன்னாலேயே கணக்குப் போடுங்கள், உதவித்தொகை உண்டா என்று கேட்பதிலும் வெட்கமில்லை. பெண் பிள்ளையை அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு: பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் வாங்காமல் பயிற்சிக்கு வருகிறவருக்கும் பொருந்தும். புகார் வாங்கும் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மேயில் நிறுவனம் கிடைக்காதவர்கள் நாளை காலையே செய்யக்கூடியது ஒன்று உண்டு: உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் போவது. வழக்கறிஞரிடம் ஒரு முறையாவது பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்று அதே 2008 விதி சொல்கிறது. எப்படியும் போக வேண்டிய இடம்தான். சிவில் கோர்ட்டுக்கு லீவு விட்டாலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டு நடக்கும். வாய்தா எப்படி வாங்குகிறார்கள், ஜாமீன் மனு எப்படிப் போகிறது என்று அங்கே பார்க்கலாம். பயிற்சி கேட்கக்கூடிய இன்னொரு இடமான மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகமும் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, பத்து மணிக்குள் நேரிலேயே போய்விடுங்கள்.