கிராமசபையில் இளைஞர்



1989-இல் நடைமுறைக்கு வந்த 61-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வாக்குரிமை வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தது. வாக்குரிமையை நன்கறிந்த நம் இளைஞர், அதனோடு சேர்ந்துவரும் மற்றோர் உரிமையை மறந்துவிடுகின்றனர். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராமசபையின் உறுப்பினரே.

உள்ளாட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. கிராமசபையோ குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள் என ஆண்டுக்குப் பலமுறை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வாசிக்கப்படுகிறது. குடிநீர், தெருவிளக்கு, ஏரி வரத்துக்கால்வாய் பற்றிய தீர்மானங்கள் அங்கே நிறைவேறுகின்றன. அன்று நாம் வீட்டிலிருந்தால், வந்திருந்த சிலரின் முடிவே ஊரின் முடிவாகிவிடும்.

ஆகவே இளைஞர்களே, அடுத்த கூட்டத்திற்கு ஒரு கேள்வியோடு செல்லுங்கள். சினமின்றிக் கேளுங்கள்; விடை கிடைக்கும்வரை அமர்ந்திருங்கள். தீர்மானத்தை வாசித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.