மூலையில் எழுதாமல் விட்ட கட்டம்



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. பரீட்சையில் வரைபடத்தில் ஊரையும் ஆறையும் குறிப்பேன்; மூலையில் இருக்கும் குறியீட்டுக் கட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மக்கள் நிலை ஆய்வுக்காக எங்கள் தெருவில் கோலப்பொடியால் ஊர்ப் படம் போட்டோமே, அப்பத்தான் புத்தி வந்தது.

மாடு இருக்கிற வீட்டுக்குப் பச்சைப் பொட்டு, பெண் ஒருத்தி சம்பாத்தியத்தில் ஓடுகிற வீட்டுக்குச் சிவப்புப் பொட்டு என்று வாயாலேயே பேசிக்கொண்டு சார்ட்டில் ஏற்றினோம். எது எதுக்கு என்று மூலையில் எழுதவில்லை. நம்ம ஊர் நமக்குத் தெரியாதா என்கிற நினைப்பு! ஒரு மாதம் கழித்துப் பட்டியல் எழுத உட்கார்ந்தால் ஆளுக்கொன்று சொல்கிறோம். கடைசியில் தலைகீழாக எழுதிவிட்டோம்.

கிராம சபையில் வாசிக்கும்போது கடைசி வீட்டு அக்கா எழுந்தார். தனியாளாக ரெண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். “எனக்கு ஏதும்மா மாடு?” என்றார். எனக்கு முகமே செத்துப் போச்சு. அங்கேயே திருத்தினோம்.

சர்வே ஆஃப் இந்தியா படங்களில் தண்ணீர் நிற்கும் ஏரிக்கு நீலம், வறண்டு கிடப்பதற்குக் கறுப்பு. கட்டத்தைப் படிக்காதவளுக்கு ரெண்டும் வெறும் ஏரிதானே!

போன தடவை படம் போட்டபோது முதலில் கட்டத்தைத்தான் போட்டோம். எழுதியது அந்த அக்காதான். கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.