பாதித் தேன்



ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். நடுவே ஒற்றை ஆள் கால் வைக்கும் அளவுக்குத்தான் வழி. தலையில் துணி கட்டிய ஒரு பெண் அதில் நிதானமாக நடந்து போகிறார். பாறை இடுக்கை மூடியிருந்த கல்லை மெல்ல நகர்த்துகிறார். உள்ளே அடுக்கடுக்காகத் தேனடை. கையுறை கிடையாது. வெறுங்கையால் ஓர் அடையைப் பெயர்த்தெடுக்கிறார். தேனீக்கள் விரல்களின் மேல் ஊர்கின்றன.

2019-இல் வெளிவந்த 'ஹனிலேண்ட்' ஆவணப்படம் இப்படித்தான் தொடங்குகிறது. வடக்கு மாசிடோனியாவில் மின்சாரம் எட்டாத மலைக்கிராமம் பெகிர்லியா. ஊரே காலியாகிவிட்டது. படுத்த படுக்கையான தாயைக் கவனித்தபடி அங்கே வாழ்கிறார் ஹதீஜே முராத்தோவா. தேன்தான் பிழைப்பு.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நம் பக்கம் கேட்பார்கள். எடுப்பவரின் பங்கைப் பற்றிய கேள்வி அது. ஹதீஜேவோ தேனீயின் பங்கைப் பற்றிக் கவலைப்படுகிறார். எனக்குப் பாதி, உங்களுக்குப் பாதி என்று அவற்றிடமே சொல்லிவிட்டு மீதியைக் கூட்டிலேயே விட்டுவிடுகிறார்.

பக்கத்தில் ஒரு நாடோடிக் குடும்பம் குடியேறுகிறது. ஏழு பிள்ளைகள், மாடு கன்று. ஹதீஜே அவர்களுக்குத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக் கொடுக்கிறார். இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று வியாபாரி ஒருவர் நெருக்க, அந்தத் தகப்பன் பாதிக் கணக்கை மீறுகிறார். இருப்பு இழந்த தேனீக்கள் பக்கத்துக் கூட்டைத்தான் கொள்ளையடிக்கும். ஹதீஜேயின் தேனீக்கள் மடிகின்றன. அந்த மனிதரைக் கெட்டவராகப் பார்க்க என்னால் முடியவில்லை. ஏழு வயிறுகளையும் படம் கண்முன்னே நிறுத்திவிடுகிறது.

சுற்றுச்சூழல் படங்கள் பலவற்றில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கம்பீரமான குரல் ஒன்று பின்னணியில் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போகும். இதில் அந்தக் குரல் இல்லை. இயக்குநர்கள் தமாரா கோட்டெவ்ஸ்கா, லுபோமிர் ஸ்டெஃபனோவ் இருவருக்கும் அங்கே பேசப்பட்ட பழைய துருக்கிய வழக்கு புரியாது. மூன்று ஆண்டுகள், 400 மணி நேரத்துக்கு மேல் படமாக்கினார்கள். தொகுக்கும்போதும் பேச்சை ஒதுக்கிவிட்டு, காட்சியை வைத்தே முதலில் கதையைக் கோத்தார்கள். புரியாத மொழி அவர்களை உற்றுப் பார்க்க வைத்தது. படத்தின் பலமே அந்தப் பார்வைதான். 2020-இல் ஆஸ்கரின் ஆவணப்படப் பிரிவு, பன்னாட்டுப் படப் பிரிவு இரண்டுக்கும் ஒருசேரப் பரிந்துரைக்கப்பட்ட முதல் படமும் இதுவே.

ஆனால் என் மனதில் நிற்பது விருது அல்ல, ஹதீஜேயின் வீட்டு வெளிச்சம். சின்ன ஜன்னல் வழியே விழும் பகல்; இரவானால் விளக்கொளி. அந்த அரையிருட்டில் மகள் தாய்க்கு ஊட்டிவிடுகிறாள்.

படம் கிடைத்தால் பாருங்கள். இரண்டாம் முறை சப்டைட்டிலை நிறுத்திவிட்டு, ஹதீஜேயின் கைகளை மட்டும் கவனியுங்கள்.