ஆம்பியின் அடையாளம்



குடுமியான்மலை இசைக் கல்வெட்டில் ஒவ்வொரு சுரத்தின் மெய்யோடும் அ, இ, உ, எ என்னும் உயிர்கள் மாறி மாறி இணைந்து நிற்கின்றன. மெய் ஒன்றாயினும் உயிர் மாறினால் நுட்பம் மாறும். ஆதலின் அதைக் கற்போர் எந்தக் குறியையும் தள்ளிவிட்டுப் படிப்பதில்லை. மழைக்குப்பின் காட்டில் காளான் தேடுவோர்க்கும் அத்தகைய படிப்பே வேண்டும். அங்கே பிழைபட்டால் போவது உயிரெழுத்தன்று, உயிரே.

சங்கப் புலவர் காளானை ஆம்பி என்றனர். புறநானூற்று 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார், சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி முளைத்ததைக் கூறிக் குமணனிடம் தம் வறுமையை உணர்த்துகிறார். பாட்டுக்கு ஆம்பி என்ற ஒரு சொல் போதும், உண்பவர்க்குப் போதாது.

உண்ணத்தக்கவற்றுள் சிறந்தது புற்றுக்காளான். கறையான்கள் புற்றினுள் வளர்க்கும் பூஞ்சையே மழையில் குடையாக மேலெழுகிறது. இவ்வினத்துள் ஒன்றைச் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியலறிஞர் கே. நடராஜன் 1979இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். குடையின் நடுவே கூரிய முனைப்பு, மண்ணுக்குள் புற்றுவரை வேர்போல் நீளும் காம்பு, இளஞ்சிவப்பு வித்துத்தூள் ஆகியவை இதன் குறிகள். குடையைச் செவுள் கீழாகத் தாளின்மேல் வைத்து, கிண்ணத்தால் மூடி ஓரிரவு விட்டால் தூளின் நிறம் தெரியும்.

கொடிய அமனிட்டா இனங்களின் தூள் வெண்மை; காம்பின் அடியில் கிண்ணம்போன்ற உறை இருக்கும். காளானை ஒடித்தெடுத்தால் அவ்வுறை மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே அடியோடு அகழ்ந்தெடுத்துப் பார்த்தல் வேண்டும். ஆயினும் உறையொன்றே நஞ்சுக்குச் சான்றாகாது. வைக்கோற்காளானுக்கும் அது உண்டு. உறையின்மை நன்மைக்கும் சான்றாகாது. புல்வெளியில் முளைக்கும் பச்சைத்தூள் காளானுக்கு உறையில்லை, நஞ்சுண்டு. குறிகள் அனைத்தும் ஒருங்கே பொருந்த வேண்டும்.

வெள்ளிக்காசு கறுக்காவிடில் நல்லது, பூச்சி அரித்ததை மனிதரும் உண்ணலாம் என்பன நம்பத்தகாதவை. அமனிட்டாவின் கொடுநஞ்சு கொதியிலும் அழியாது. பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பின்னரே வாந்தியும் பேதியும் தோன்றும். பின் தணிந்ததுபோல் காட்டிக் கல்லீரலைக் கெடுக்கும். நோய் தணிந்ததென்று வீட்டில் தங்குவோர் பிழைக்கும் காலத்தை இழக்கின்றனர். எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

காட்டை அறிந்த மூத்தோர் முளைக்கும் இடம், பருவம், அடி, நிறம், மணம் அனைத்தையும் பார்த்தே கூடையில் இடுவர். ஐயம் எழுந்தால் விட்டுவிடுவர். அவர்கள் விட்டுச்சென்ற காளான்களும் அவர்களது புலமைக்குச் சான்று. அப்பெயர்களையும் குறிகளையும் அவர்கள் வாழும்போதே கேட்டு எழுதிவைத்தல் தமிழறிந்தோர் கடமை.