நாடகத்தின் முதல் ஒத்திகை



பொங்கல் விழா, பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா என்று ஏதாவது ஒன்று நெருங்கும்போது, "இந்த வருஷம் ஒரு நாடகம் போட்டால் என்ன?" என்ற பேச்சு நம் தோட்டங்களில் எழுவது உண்டு. பேச்சு எழுந்த வேகத்தில் ஆளும் சேர்ந்துவிடும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேரைக் காணோம். ஒருவருக்கு வசனம் மனத்தில் நிற்கவில்லை. ஒருவருக்கு வேஷம் பிடிக்கவில்லை. இன்னொருவர் காரணம் சொல்லாமலே நின்றுவிட்டார். காரணம் சொல்லாமல் நிற்கிறவரைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கையில் கொடுத்த தாளை வாசிக்க இயலாமல், அதைப் பிறர் அறிவதற்கு வெட்கப்பட்டு ஒதுங்கியவராக அவர் இருக்கக்கூடும். ஆகவே, ஒருவரும் ஒதுங்காதபடி முதல் ஒத்திகையை நடத்துவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக, கண்ணகி பாண்டியன் அவையில் நீதி கேட்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் இது 20ஆவதாகிய வழக்குரை காதையில் வருகிறது. கண்ணகி, பாண்டியன் நெடுஞ்செழியன், கோப்பெருந்தேவி, வாயிற்காவலன் என நான்கு பேர் முக்கியம். அவையோராக எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். இதைப் பத்து நிமிடக் காட்சியாக எளிய தமிழில் எழுதி வைத்துக்கொண்டதாகக் கொள்வோம்.

முதலில் நேரம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களை இரவு பதினொரு மணிவரை உட்கார வைப்பது நியாயமல்ல. ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிப்போம். முடியும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால், வீட்டில் சமையல் வேலை உள்ள பெண்களும் தயங்காமல் வருவார்கள்.

முதல் அரைமணி நேரம் கதைக்கு. எல்லாரும் பாய் விரித்து வட்டமாக உட்காரட்டும். கோவலன் சிலம்பு விற்க மதுரைக்கு வந்தது, பொற்கொல்லன் அவன்மேல் பழி சுமத்தியது, மன்னன் தீர விசாரிக்காமல் கொலைக்கு ஆணையிட்டது, இவற்றை ஒருவர் நிதானமாகச் சொல்லட்டும். வயதில் மூத்தவர் எவரேனும் சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்த அரைமணி நேரம் வாசிப்புக்கு. இங்கேதான் நம் திட்டம் தேவை. நடிக்கிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு துணை உட்காரட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே இதற்குப் போதும். துணைவர் ஒரு வரியை மெல்லச் சொல்ல, நடிகர் அதை உரக்கச் சொல்வார். நன்றாக வாசிக்கத் தெரிந்தவருக்கும் இதே முறைதான். எல்லாருக்கும் ஒரே முறை என்று ஆகிவிட்டால், யாருக்கு எழுத்துத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற பேச்சே எழாது. காதால் கேட்டுக் கற்பது குறைவான கல்வியும் அல்ல. தாலாட்டும் கும்மியும் நம் பாட்டிமார் ஏட்டைப் பார்த்துக் கற்றவை அல்லவே!

முதல் தடவை நிறுத்தாமல் வாசிப்போம். இரண்டாம் தடவை இடையிடையே கேள்வி கேட்போம். காவலன் ஏன் நடுங்குகிறான்? தீய கனவு கண்ட அரசியின் மனநிலை என்ன? கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று மன்னன் சொல்லும்போது, அவன் ஆணவத்தில் சொல்கிறானா, நம்பிச் சொல்கிறானா? பொருள் விளங்காமல் வசனத்தை உருப்போட்டால் மேடையில் கிளிப்பிள்ளைப் பேச்சுத்தான் வரும். கண்ணகி தொடக்கம் முதலே கத்தினால், சிலம்பை உடைக்கும்போது உயர்த்துவதற்குக் குரல் மிஞ்சாது. இதைப் பேசிப் புரிந்துகொள்ளும் இடம் முதல் ஒத்திகைதான்.

வேஷங்களை அன்றே முடிவு செய்ய வேண்டாம். கண்ணகியின் வசனத்தை இரண்டு மூன்று பேர் சொல்லிப் பார்க்கட்டும். அதிகம் பேசாத ஓர் அக்காவின் குரலில் அந்த வழக்கு நன்றாக ஒலிக்கக்கூடும். அன்றைக்கு யாரையும் திருத்தவோ கேலி செய்யவோ கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவோம்.

மீதி அரைமணியில் எழுந்து நிற்போம். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் சிம்மாசனம், அவைவாயில், பார்வையாளர் பக்கம் மூன்றையும் கோடிட்டுக் காட்டுவோம். யார் எந்தப் பக்கம் வருவது, எங்கே நிற்பது என்பதை மட்டும் ஒரு முறை நடந்து பார்ப்போம். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். வழக்கே இந்த வேறுபாட்டில்தான் தீர்கிறது. ஆகவே உடையும் சிலம்புக்குள் சிவப்பு மஞ்சாடி விதைகளைப் போட்டு வைத்தால், அவை சிதறும்போது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். இதைச் செய்யும் பொறுப்பை அன்றே ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

கலைவதற்கு முன் மூன்று காரியங்கள். அடுத்த ஒத்திகையின் நாளைக் குறிப்போம். வர இயலாதவர் யார் என்று கேட்போம். வீட்டில் தினம் ஐந்து வரி சொல்லிப் பார்க்கத் துணைவரையும் நடிகரையும் கேட்டுக்கொள்வோம். பிள்ளை வாசிக்க, தாய் திருப்பிச் சொல்வாள். பிள்ளையின் தமிழ் வாசிப்பும் அதனால் தேறும்.

இவ்வளவு பாடு ஒரு பத்து நிமிடக் காட்சிக்கா என்று சிலர் கேட்கலாம். துணையின்றி வந்த ஒரு பெண் அரசன் முன் நின்று தன் வழக்கைத் தெளிவாக எடுத்துரைக்கிறாள்; அரசனும் தன் பிழையை உணர்ந்து உயிர் விடுகிறான். அந்தச் சொற்களை ஊர் கேட்கச் சொல்லிப் பழகிய நம் தாய்மாரும் தங்கைமாரும், நாளை பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலோ அலுவலக வாசலிலோ தமக்கு வேண்டியதைக் கேட்கும்போது குரல் தடுமாற மாட்டார்கள். அந்தத் துணிவுக்கு முதல் படி, பாயில் வட்டமாக உட்காரும் அந்த ஒன்றரை மணி நேரமே.