நெஞ்சில், வயிற்றில் நீர் கோர்த்தால் பயப்படாதீங்க, பரிசோதனை செய்யுங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



குழுக் கூட்டங்களுக்கு வரும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நெஞ்சுல நீர் கட்டியிருக்காம், ஊசி போட்டு எடுக்கணுமாம். ஒருமுறை எடுத்தா மறுபடி மறுபடி ஊறுமாமே?" இந்தப் பயத்தால் எத்தனையோ பேர் பாதியில் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

நம் நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உள்ளன. நடுவில் ஓரிரு ஸ்பூன் நீர் இருப்பது இயல்பு. வயிற்றிலும் இப்படித்தான். நோய் வந்தால் இது லிட்டர் கணக்கில் கூடி, மூச்சு வாங்கும், வயிறு உப்பும். நீர் ஊறுவது நோயால்தான், ஊசியால் அல்ல.

காரணங்கள் பல. காசநோய், இதயம், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் என்று எதுவாகவும் இருக்கலாம். இதில் ஒன்றுதான் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். கிருமியை எதிர்க்க வேண்டிய லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களே கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் இந்த நோய். கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத நெறிக்கட்டு, விட்டு விட்டுக் காய்ச்சல், இராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பது ஆகியவை இதன் அறிகுறிகள்.

காசநோய்க்கும் இதே அறிகுறிகள்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டிலும் லிம்போசைட்டுகளே நிறைய தெரியும். காசநோய்க்குச் செய்யும் ஏ.டி.ஏ. பரிசோதனைகூட சில நேரம் லிம்போமாவிலும் அதிகமாகக் காட்டும். அதனால்தான் சந்தேகம் வந்தால் டாக்டர்கள் அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற கருவியில் அணுக்களின் மேலுள்ள அடையாளங்களைப் பார்ப்பார்கள். பல வகை அணுக்கள் கலந்திருந்தால் அது பெரும்பாலும் கிருமியை எதிர்க்க வந்த கூட்டம். எல்லாம் ஒரே அணுவின் நகலாக இருந்தால் லிம்போமாவாக இருக்கலாம். நெறிக்கட்டிலிருந்து சதை எடுத்தும் உறுதி செய்வார்கள். ஆகவே இரண்டாம் முறை நீர் கேட்டால் "சும்மா அலைக்கழிக்கிறாங்க" என்று நினைக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. நீர் பாட்டிலை உங்கள் கையில் கொடுத்தால் உடனே லேபில் சேர்த்துவிடுங்கள். நேரமானால் அணுக்கள் கெட்டுவிடும்.

2. காசநோய் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை, நீர் குறையவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். "வேறு நோயா என்று பார்த்தீங்களா?" என்று தைரியமாகக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

3. எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே பையில் வைத்திருங்கள்.

4. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். புற்றுநோய் சிகிச்சைக்கும் அது உதவும். விவரம் கேட்க 104-ஐ அழைக்கலாம்.

லிம்போமா என்றாலே முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அதில் பல வகைகள் மருந்திலேயே முழுதாகக் குணமாகின்றன. ஆனால் என்ன வகை என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். பஸ் செலவுக்கும் பரிசோதனைக்கும் வட்டிக்காரரிடம் போகாமல், நம் குழுச் சேமிப்பிலிருந்தே அவசரக் கடன் கொடுக்க அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் சகோதரியோடு துணைக்கு ஒருவராவது போவோம்.