கண்ணாடி வியர்த்தால் தரையைப் பாருங்கள்



நான் மருத்துவர் இல்லை. சுகாதாரக் குறிப்புகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. குளிர்நாட்டுக் குறிப்புகளில், கண்ணாடியில் நீர் படிந்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள். அங்கே குளிர் வெளியே இருக்கிறது, ஈரம் வீட்டுக்குள்ளே இருக்கிறது. சிங்கப்பூரில் இது நேர்மாறு. குளிரூட்டி ஓடும்போது குளிர் உள்ளே, ஈரம் வெளியே.

தே பெங் குவளையை மேசையில் வைத்தால் சற்று நேரத்தில் அடியில் நீர் தேங்குகிறது. குவளை ஒழுகவில்லை. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த குவளைமீது பட்டு நீராகிறது. கண்ணாடியால் அடைத்த பால்கனியிலும் இதுதான் நடக்கிறது. வரவேற்பறையில் குளிரூட்டியை 20 டிகிரியில் வைத்தால், பால்கனிக் கதவின் கண்ணாடியும் குளிர்ந்துவிடும். நம் ஊரில் ஒரு பரப்பு சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே அதன்மேல் நீர் படியலாம். அது பால்கனிப் பக்கமாக வழிந்து தரைக்கு வரும்.

ஆபத்து அந்தத் தரையில்தான். இரவில் துணி எடுக்கப் போகிறோம். விளக்கைப் போடுவதில்லை. ஈரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு முறை வழுக்கினால் இடுப்பெலும்பு முறியலாம். அதன்பின் தனியாக நடமாடுவதே கடினமாகலாம்.

ஆகவே, குளிரூட்டியை 25 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் போடுங்கள். குளிரூட்டி ஓடும்போது பால்கனிக் கதவை மூடி வையுங்கள். அதை நிறுத்திய பிறகு பால்கனி ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஈரத் துணியை மூடிய பால்கனியில் காயப்போட்டால், துணியின் ஈரமும் காற்றில் சேரும். அப்போதும் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

காலையில் கண்ணாடியையும் தரையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். உயரமான இடத்துக்கு நீண்ட கைப்பிடித் துடைப்பான் போதும். முக்காலிமேல் ஏற வேண்டாம்.

கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது இருமலையும் மூச்சுத் திணறலையும் கூட்டும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சோப்பு நீரால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். ப்ளீச் பயன்படுத்தினால் வேறு எந்தத் துப்புரவு மருந்தோடும் கலக்காதீர்கள். நச்சுவாயு உண்டாகும்.

பூந்தொட்டித் தட்டில் தேங்கும் நீரையும் கொட்டிவிடுங்கள். 20 காசு நாணய அளவு நீர் இருந்தாலே ஏடிஸ் கொசு முட்டையிடும்.

குளிரூட்டியை ஒரு நாள் முழுதும் நிறுத்தி, துடைத்து வைத்த பிறகும் அதே இடம் ஈரமானால், அது நீர்க்கசிவாகவோ மழைநீராகவோ இருக்கலாம். வீட்டாரிடம் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. விழுந்துவிட்டால், பிள்ளைகள் கவலைப்படுவார்கள் என்று மறைக்காதீர்கள். வலி கடுமையாக இருந்தாலோ எழ முடியாவிட்டாலோ, அசையாமல் இருந்து 995ஐ அழையுங்கள். சிறிய விழுதலாக இருந்தாலும் அடுத்த முறை பலதுறை மருந்தகம் போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொரு முறை விழாமல் இருக்க அவர் வழி சொல்வார்.